போன் படங்களை வெப்பிக்கு மாற்றுவது எப்படி: அசலை எடுப்பதிலிருந்து ஏற்றுவது வரை

ஐபோனில் எடுத்த படத்தை வலைத்தளத்தில் போட்டால் பார்ப்பவர்களுக்குத் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டில் எடுத்ததைப் போட்டால் பக்கம் வந்து சேரவே நேரமாகிறது. இந்த இரண்டு குறையோடு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு வேலை செய்து பார்த்திருப்பார்கள். ஆன்லைனில் ஏதோ ஒரு கன்வெர்ட்டரைத் தேடிப் படத்தைக் கொடுத்து, வலைப் படங்களுக்கான வெப்பி (WebP) ஃபார்மேட்டில் ஃபைலாக வாங்கியிருப்பார்கள். அந்த ஃபைல் இன்னும் இரண்டு எம்பி இருக்கும், படம் பக்கவாட்டில் படுத்திருக்கும், சேலையின் நிறம் வெளிறியிருக்கும்.

ஃபார்மேட்டை மாற்றுவது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன் அசல் ஃபைல் கைக்கு வர வேண்டும், படம் நேராக நிற்க வேண்டும், அளவு குறைய வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு குறையும் அடுத்த படிக்கும் தொடரும். வீட்டிலிருந்து சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர் போனில் எடுத்த படங்களைத் தன் தளத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொண்டு முழு வேலையையும் சொல்கிறேன். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் இதே வரிசைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு டேட்டா கேபிள். சில கேபிள்களில் சார்ஜ் மட்டுமே ஏறும். கம்ப்யூட்டரில் செருகியும் போன் தெரியவில்லை என்றால் வேறு எதையும் நோண்டாமல் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து எக்ஸ்என்கன்வெர்ட் என்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நூறு படத்தையும் ஒரே முறையில் மாற்றும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். சேலை விற்கிறவருக்கும் அது பொருந்தும். பத்துப் படம்தான் என்றால் முற்றிலும் இலவசமான கிம்ப் போதும். அதன் 2.10 வரிசையிலேயே ஐபோன் படம் திறக்கும், வெப்பியாக ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு படமாகத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது ஸ்கூஷ். கூகுளின் குரோம் குழுவினர் உருவாக்கிய வலைச்செயலி இது. படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு எங்கும் போவதில்லை, எல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. ஊர் பேர் தெரியாத ஆன்லைன் கன்வெர்ட்டர்களில் அப்படி இல்லை, படம் அவர்களுடைய சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது. வீட்டுக் குழந்தைகள் இருக்கும் படங்களையும் அடையாள ஆவணங்களையும் அங்கே தயவுசெய்து போடாதீர்கள்.

விண்டோஸில் ஐபோன் படங்கள் வெறும் ஐகானாகத் தெரிந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம். கூடவே எச்இவிசி என்ற இன்னொன்றையும் கேட்கலாம், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. மேக்கில் இந்தச் சிக்கல் கிடையாது.

2. போனிலிருந்து அசலை எடுப்பது

அதிகம் பேர் தடுமாறும் படி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வது பலருடைய வழக்கம். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, ஒருமுறை அமுக்கிவிட்டுத்தான் அனுப்பும். சுங்குடியின் பொட்டுகள் அங்கேயே மங்கத் தொடங்கிவிடும். அதை மறுபடியும் வெப்பியாக அமுக்கினால் இரண்டாம் இழப்பு. வாட்ஸ்அப்தான் வசதி என்றால் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள், ஃபைல் அப்படியே வரும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேபிளைச் செருகும் முன் ஓர் அமைப்பைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்று இருக்கும். ஐஓஎஸ் 18 முதல் போட்டோஸ் பகுதி ஆப்ஸ் என்பதற்குள் போய்விட்டது. அங்கே 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் போனே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பப் பார்க்கும். நிறையப் படங்களை ஒன்றாக விண்டோஸுக்கு இழுக்கும்போது, கருவி இயங்கவில்லை என்ற பிழைச் செய்தியோடு பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிறகு போனைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகி, 'டிரஸ்ட்' கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். விண்டோஸில் டிசிஐஎம் ஃபோல்டரையும், மேக்கில் இமேஜ் கேப்சர் செயலியையும் திறந்தால் படங்கள் இருக்கும். பழைய படங்கள் அங்கே காணவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் முழு அளவுப் படம் ஆப்பிளின் சர்வரில் இருக்கும், போனில் சிறிய நகல் மட்டுமே இருக்கும். அவற்றை ஐகிளவுட் தளத்திலிருந்து, மாற்றாத அசல் என்ற தேர்வோடு இறக்கிக்கொள்ளுங்கள்.

டிசிஐஎம்முக்குள் ஒரே படத்துக்கு மூன்று நான்கு ஃபைல்கள் இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். ஐஎம்ஜி என்று தொடங்கி எண்ணோடு முடிவது கேமரா எடுத்த அசல். எண்ணுக்கு முன்னால் ஈ (E) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால் அது போனிலேயே நீங்கள் வெட்டியோ வெளிச்சம் கூட்டியோ வைத்த வடிவம். அதே பெயரில் ஏஏஇ என்று முடியும் குட்டி ஃபைல் அந்தத் திருத்தங்களின் குறிப்பு மட்டுமே, அதில் படம் இல்லை. எம்ஓவி என்பது லைவ் போட்டோவோடு வரும் சில விநாடி வீடியோ. போனில் திருத்திய படம் வேண்டும் என்றால் ஈ உள்ளதை எடுங்கள், மற்ற இரண்டும் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் வேலை சுலபம். கேபிள் செருகியதும் மேலிருந்து இறங்கும் அறிவிப்பில் சார்ஜிங் என்பதை ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றுங்கள். விண்டோஸில் போன் ஒரு டிரைவாகத் தெரியும், டிசிஐஎம்முக்குள் கேமரா ஃபோல்டர்தான் வேண்டியது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் ஜேபெக்காகவே சேமிக்கின்றன. சாம்சங் கேமராவில் 'ஹை எஃபிஷியன்சி பிக்சர்ஸ்' என்பதை யாராவது போட்டு வைத்திருந்தால் ஐபோன் சேமிக்கும் எச்இஐசி (HEIC) ஃபார்மேட்டிலேயே வரும்.

கேமரா அமைப்பை 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பார்கள். மாற்றலாம், அதன் பிறகு எடுப்பவை ஜேபெக்காகவே சேமிக்கப்படும். ஆனால் அதே தரத்துக்கு எச்இஐசி ஏறத்தாழ பாதி இடமே எடுக்கிறது. எப்படியும் கம்ப்யூட்டரில் மாற்றத்தான் போகிறோம் என்பதால் போனில் எச்இஐசியை அப்படியே விடுவதுதான் என் பரிந்துரை.

3. மூன்று ஃபோல்டர்கள்

கம்ப்யூட்டரில் அசல், தேர்வு, வலை என்று மூன்று ஃபோல்டர்கள் போடுங்கள். போனிலிருந்து வந்தது அசலில் இருக்கும், அங்கே எதையும் திருத்தவோ அழிக்கவோ கூடாது. வெப்பியில் அமுக்கியபின் போன விவரம் திரும்பாது. அடுத்த ஆண்டு தளத்தின் வடிவமைப்பு மாறிப் பெரிய படம் தேவைப்பட்டால் அசலிடம்தான் போக வேண்டும்.

விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைப் போட்டுவிடுங்கள். எது எச்இஐசி, எது ஜேபெக் என்று தெரியாமல் இனி ஒரு படியும் போக முடியாது.

ஒரு பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பெயரின் கடைசியில் இருக்கும் எச்இஐசியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று தட்டுவார்கள். சில செயலிகள் உள்ளே இருப்பதைத் தாமாகவே அறிந்து திறந்துவிடும், அதனால் மாறிவிட்டதாகத் தோன்றும். ஃபைலின் உள்ளே ஒரு பைட் கூட மாறியிருக்காது. தளத்தில் ஏற்றியதும் பார்ப்பவரின் பிரவுசர் உடைந்த பட ஐகானைக் காட்டும்.

4. தேர்ந்தெடுத்து, வெட்டுவது

ஒரே சேலைக்கு எட்டுப் படம் எடுத்திருப்பீர்கள். முழுச் சேலை ஒன்று, முந்தானை ஒன்று, துணியின் நெருக்கப் படம் ஒன்று போதும். அவற்றைத் தேர்வு ஃபோல்டருக்கு நகலெடுங்கள், அசல் ஃபோல்டரிலிருந்து நகர்த்திவிடாதீர்கள்.

ஓரத்தில் தெரியும் மின்விசிறி, செருப்பு போன்றவற்றை வெட்ட வேண்டும் என்றால் இப்போதே வெட்டுங்கள். அளவு குறைத்த பிறகு வெட்டினால் மிஞ்சும் படம் தேவைக்கும் சிறியதாகிவிடும். வெட்டியதைச் சேமிக்கும்போது பிஎன்ஜியாகச் சேமியுங்கள். பிஎன்ஜி எதையும் இழக்காது, ஆகவே கடைசியில் நடக்கும் ஒரே ஓர் அமுக்கலுக்கு முழு விவரத்தோடு படம் போய்ச் சேரும். ஃபைல் பெரிதாகிறதே என்று கவலைப்பட வேண்டாம், இது இடைநிலை ஃபைல்தான்.

5. எத்தனை பிக்சல் அகலம் வேண்டும்

12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று 4032 × 3024 பிக்சல். அதாவது ஒரு கோடியே இருபத்தொரு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். அதையே 1600 × 1200 ஆக்கினால் பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம், ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஃபைலின் எடை முக்கியமாகக் குறைவது இந்தப் படியில்தான். 4032 அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு வெப்பி ஆக்கியவர்களின் ஃபைல் ஏன் இன்னும் கனக்கிறது என்பதற்கு விடையும் இதுவே. 24 மெகாபிக்சலில் சேமிக்கும் புதிய ஐபோன்களில் படம் 5712 × 4284, வித்தியாசம் இன்னும் பெரிது.

1600 என்ற எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான தளங்களில் கட்டுரைப் பகுதியின் அகலம் 700லிருந்து 800 வரை. இன்றைய போன், லேப்டாப் திரைகள் நெருக்கமானவை, ஒரு புள்ளியின் இடத்தில் இரண்டு மூன்று புள்ளிகளைக் காட்டும். ஆகவே காட்டும் அகலத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் கூர்மை போதும், அதற்கு மேல் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாது. பொருள்பட்டியலில் வரும் சிறு படங்களுக்கு 600லிருந்து 800 வரை போதும். பக்கம் முழுக்க விரியும் முகப்புப் படத்துக்கு மட்டும் 2000 அல்லது 2400 கொடுக்கலாம்.

சேலையின் நெருக்கப் படத்தை வாங்குபவர் விரல்களால் பெரிதாக்கிப் பார்ப்பார். அப்படிப் பெரிதாக்கும் வசதி தளத்தில் இருந்தால் நெருக்கப் படத்துக்கு மட்டும் 2400 கொடுங்கள், முழுச் சேலைப் படம் 1600லேயே இருக்கட்டும்.

டிபிஐயை 72 ஆக்கச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று அச்சிடுபவருக்குச் சொல்லும் தகவல். பிரவுசர் பிக்சல் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், அந்த எண்ணைத் தொட்டு ஒரு பைட்டும் குறையப் போவதில்லை.

6. எந்த ஃபார்மேட்

எச்இஐசியை நேரடியாகத் தளத்தில் போட முடியாததற்குக் காரணம் எளிது. ஐஓஎஸ் 11 வந்த 2017 முதல் ஐபோன்கள் அதில் சேமித்தாலும், பிரவுசர்களில் சஃபாரி மட்டுமே 2023இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து அதைக் காட்டுகிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் காட்டாது. படம் போட்டவர் தன் ஐபோனில் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார், ஆண்ட்ராய்டில் பார்ப்பவருக்கு வெற்றிடம்.

வெப்பியை கூகுள் 2010இல் வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இலும் சஃபாரி 2020இலும் ஏற்றுக்கொண்டன. இன்று புழக்கத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லாப் பிரவுசரிலும் திறக்கும். போன் படங்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். ஏவிஃப் (AVIF) என்ற இன்னொரு ஃபார்மேட் இன்னும் சிறிதாக அமுக்கும், ஆனால் மாற்ற நேரம் பிடிக்கும், சஃபாரி 2022இல்தான் ஏற்றது, பழைய போன்களோடு வரும் வாடிக்கையாளரை இழக்க நேரலாம். வெப்பியில் கைபழகிய பிறகு அதை முயன்று பாருங்கள்.

பிஎன்ஜி கடையின் லோகோவுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஏற்றது. துணிப் படத்தை பிஎன்ஜியாக ஏற்றினால் ஜேபெக்கைப் போலப் பல மடங்கு கனக்கும்.

ஜேபெக்கை முழுதும் கைவிட வேண்டாம். இணைப்பைப் பகிரும்போது முன்னோட்டமாக வரும் படத்தையும், மின்னஞ்சலில் மற்றவருக்கு அனுப்பும் படத்தையும் ஜேபெக்கிலேயே வையுங்கள், அது எங்கும் திறக்கும். தேர்வு விண்ணப்பம் போன்ற அரசுத் தளங்களிலும் பெரும்பாலும் ஜேபெக்தான் கேட்பார்கள்.

ஒரு சிறு எல்லை: வெப்பியில் ஒரு பக்கம் 16383 பிக்சலுக்கு மேல் போக முடியாது. நீண்ட பனோரமா படம் மாற மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அளவைக் குறைத்த பிறகு மாற்றினால் இந்தக் கேள்வியே எழாது.

7. ஒரு படத்தை வைத்துத் தரத்தை முடிவு செய்வது

எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றத் தோன்றும். அதற்கு முன் மிகவும் கடினமான ஒரு படத்தை எடுத்துச் சோதியுங்கள். சுங்குடியில் அது மெரூன் துணியில் வெள்ளைப் பொட்டுகள் நெருங்கி நிற்கும் படம். அதில் தேறும் தரம் மற்றவற்றுக்கும் தாங்கும்.

குரோமில் ஸ்கூஷ் எச்இஐசியைத் திறக்காது, ஏனென்றால் அந்தப் பிரவுசருக்கே அது தெரியாது. ஆகவே முதலில் எக்ஸ்என்கன்வெர்ட்டில் அந்த ஒரு படத்தை மட்டும் 1600 அகல பிஎன்ஜியாக ஆக்கிக்கொள்ளுங்கள். அதை ஸ்கூஷில் போட்டால் நடுவில் ஒரு கோடு வரும். இடப்பக்கம் அசல், வலப்பக்கம் அமுக்கியது. வலப்பக்கத்தில் வெப்பியைத் தேர்ந்தெடுத்துத் தரத்தை 80இல் வைத்து, கோட்டை இழுத்து இழுத்துப் பாருங்கள். ஃபைல் எத்தனை கேபி ஆகும் என்பதையும் அங்கேயே காட்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. மடிப்பின் நிழல் மெல்ல மாறும் பகுதியில் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? கரையின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா? பொட்டின் விளிம்பு எப்படி இருக்கிறது? 100 சதவீத அளவில் பாருங்கள். 400 சதவீதத்தில் எந்தப் படமும் கெட்டுப்போனதாகத்தான் தெரியும்.

மூன்றாவது இடத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. இழப்போடு அமுக்கும் வெப்பி, வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கிறது. அகலத்திலும் பாதி, உயரத்திலும் பாதி, ஆக நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல். நம் கண் நிறத்தின் விளிம்பை அவ்வளவு கூர்மையாகக் கவனிப்பதில்லை என்பதால் முகம், மரம், வானம் எதிலும் இது தெரியாது. அடர் சிவப்புக்கு நடுவே இரண்டு மூன்று பிக்சலே அகலமுள்ள வெள்ளைப் பொட்டு வரும்போது மட்டும் தெரிந்துவிடும். சிவப்பு பொட்டுக்குள் கசிந்து, வெள்ளை இளஞ்சிவப்பாகும். தரத்தை 95க்கு ஏற்றினாலும் இது போகாது, ஏனென்றால் நிறத்தைப் பாதியாக்குவது அந்த எண்ணுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது.

ஸ்கூஷின் அட்வான்ஸ்டு அமைப்புகளில் 'ஷார்ப் ஆர்ஜிபி டு ஒய்யுவி' என்ற பெட்டியை டிக் செய்தால் கசிவு நன்றாகக் குறையும். நிறத்தைப் பாதியாக்கும்போது விளிம்புகளை இன்னும் கவனமாகக் கணக்கிடச் சொல்லும் அமைப்பு அது. அப்படியும் திருப்தி இல்லை என்றால் அந்தப் படங்களை மட்டும் ஜேபெக்காக மாற்றுங்கள். எக்ஸ்என்கன்வெர்ட்டின் ஜேபெக் அமைப்பில் 'சப்சாம்ப்ளிங்' என்பதை இல்லை என்று வைத்தால் நிறம் முழு நுணுக்கத்தோடு சேமிக்கப்படும். ஃபைல் கொஞ்சம் கனக்கும். நெருக்கப் படத்தை நம்பித்தான் வாங்குபவர் சேலையைத் தேர்ந்தெடுக்கிறார், அங்கே அந்தக் கனம் தகும்.

சாதாரணப் படங்களுக்கு 75லிருந்து 82க்குள் ஓர் எண்ணில் நிற்பீர்கள். 1600 அகலத்தில் பெரும்பாலானவை 150லிருந்து 350 கேபி வரை வரும், நெசவு நெருக்கமான துணி அதைத் தாண்டலாம். ஜேபெக்கில் பழகிய எண்ணை அப்படியே வெப்பிக்குக் கொண்டுவர வேண்டாம். இரண்டிலும் 80 என்பது ஒரே தரம் இல்லை.

8. மொத்தமாக மாற்றுவது

இப்போது எக்ஸ்என்கன்வெர்ட்டைத் திறந்து, தேர்வு ஃபோல்டரில் உள்ள படங்களை இன்புட் பகுதியில் இழுத்துப் போடுங்கள்.

ஆக்ஷன்ஸ் பகுதியில் மூன்று செயல்களை இதே வரிசையில் சேர்க்க வேண்டும். மேலிருந்து கீழாகத்தான் அவை நடக்கும்.

முதலில், எக்சிஃப் தகவல்படி, அதாவது கேமரா படத்துக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளின்படி, தானாகத் திருப்புவது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் உள்ளே படுத்த நிலையிலேயே சேமிக்கப்படுவது வழக்கம். இதை இப்படித் திருப்பிக் காட்டு என்ற ஒரு குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். அந்தக் குறிப்பை அழிக்கும் முன் படத்தையே திருப்பிவிட வேண்டும்.

அடுத்து ரீசைஸ். அகலம், உயரம் இரண்டிலும் 1600 போட்டு, விகிதத்தைக் காக்கும் 'ஃபிட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். நிமிர்ந்த படத்துக்கு உயரமும் கிடைமட்டப் படத்துக்கு அகலமும் 1600க்குள் அடங்கும். 'ரெட்யூஸ் ஒன்லி' என்பதையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே சிறியதாக இருக்கும் படத்தை இழுத்துப் பெரிதாக்கி மங்கலாக்கிவிடும். ரீசாம்பிளுக்கு லாங்க்சோஸ் நல்ல தேர்வு.

கடைசியில் கிளீன் மெட்டாடேட்டா, அதாவது படத்துக்குள் ஒட்டிவரும் தகவல்களை நீக்குவது. படம் எடுத்த இடம் ஜிபிஎஸ் எண்களாக எக்சிஃபுக்குள் இருக்கிறது. வீட்டிலேயே படம் எடுத்து விற்பவருக்கு அது வீட்டு முகவரியையே கொடுப்பதற்குச் சமம். எக்சிஃப், எக்ஸ்எம்பி, ஐபிடிசி ஆகியவற்றை டிக் செய்யுங்கள். ஐசிசி ப்ரொஃபைல் என்பதை மட்டும் தொடாதீர்கள். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற வரம்பில் பதிவாகின்றன, எண்களை எப்படி நிறமாக்குவது என்று பிரவுசருக்குச் சொல்வது அந்த ப்ரொஃபைல்தான். அதை அழித்தால் பிரவுசர் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொண்டு காட்டும், மெரூன் வெளிறிப் போகும். வெளிறிய நிறத்தைப் பார்த்து வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்பினால் தபால் செலவு விற்பவர் தலையில்.

அவுட்புட் பகுதியில் வலை ஃபோல்டரைக் காட்டி, ஃபார்மேட் பட்டியலில் வெப்பியைத் தேர்ந்தெடுத்து, அதன் அமைப்பில் ஏழாம் படியில் முடிவு செய்த தரத்தைப் போடுங்கள். எதையும் இழக்காமல் சேமிக்கும் 'லாஸ்லெஸ்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், போன் படத்துக்கு அது ஃபைலை வீணாகப் பெருக்கும். 'டெலீட் ஒரிஜினல்' என்ற பெட்டி காலியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இப்போதும் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டாம். நிமிர்த்தி எடுத்த படம் ஒன்று, கிடைமட்டப் படம் ஒன்று என இரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். எச்இஐசியில் திருப்பும் தகவல் இரண்டு இடங்களில் இருக்கக்கூடும். சில மென்பொருள்கள் திறக்கும்போதே ஒருமுறை திருப்பிவிடும், பிறகு நம் செயலும் திருப்பும், படம் மறுபடி படுத்துவிடும். அப்படி ஆனால் முதல் செயலை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டும் சரியாக வந்தால் மொத்தத்தையும் தொடங்கலாம். இந்த அமைப்பை ஒரு பெயரில் சேமித்து வைத்தால் அடுத்த முறை ஆறு, ஏழு, எட்டு மூன்று படிகளும் ஒரு கிளிக்கில் முடியும்.

மேக்கில் ஃபைண்டரிலேயே வலது கிளிக் செய்து குவிக் ஆக்ஷன்ஸில் 'கன்வெர்ட் இமேஜ்' கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். ஜேபெக்காக மாற்ற அது அருமையான வழி. அளவைத் தேர்ந்தெடுக்கலாம், மெட்டாடேட்டாவை நீக்கவும் செய்யலாம். ஆனால் வெப்பி அந்தப் பட்டியலில் இல்லை, அகலத்தையும் நாம் நினைத்த எண்ணில் வைக்க முடியாது.

9. பெயர் வைப்பது

ஃபைல் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். முகவரியில் வரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிகிறது. சுங்குடி என்ற ஒரு சொல்லில் யூனிகோடு கணக்கில் எட்டுக் குறிகள், ஆகவே 72 எழுத்து. வாட்ஸ்அப்பில் யாராவது அந்த இணைப்பை ஒட்டினால் வாசிக்க முடியாத நீளத்தில் நிற்கும், சில பழைய சர்வர்களில் படம் கிடைக்காமலும் போகும்.

ஆகவே ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு இருக்கட்டும். sungudi-maroon-mundhanai-01 என்ற ஒழுங்கில் வையுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றுதான், பெரும்பாலான வலைச் சர்வர்கள் ஓடும் லினக்ஸுக்கு வேறு வேறு. வீட்டில் தெரிந்த படம் தளத்தில் தெரியாததற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

தமிழுக்குரிய இடம் மாற்று உரை, அதாவது ஆல்ட் டெக்ஸ்ட். படம் வராத நேரத்திலும், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானிலும், தேடுபொறியிலும் வேலை செய்வது அதுதான். 'மெரூன் மதுரைச் சுங்குடிச் சேலை, வெள்ளைப் பொட்டு, பச்சைக் கரை' என்று படத்தில் இருப்பதை எழுதுங்கள்.

10. ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

வலை ஃபோல்டரை ஃபைல் அளவின்படி வரிசைப்படுத்துங்கள். மேலே ஒரு ஃபைல் மட்டும் ஒன்றரை எம்பியோடு தனித்து நின்றால் அது ரீசைஸ் ஆகாமல் தப்பியது. அடியில் 20 கேபியில் ஒன்று நின்றால் தவறிப்போய் வாட்ஸ்அப் படத்தையோ சிறு நகலையோ எடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு மூன்று படங்களை பிரவுசருக்குள்ளேயே இழுத்துப் போட்டுப் பாருங்கள். பட மென்பொருள்கள் சில தவறுகளைத் தாமே மறைத்துவிடும், பிரவுசரில்தான் வாடிக்கையாளர் பார்க்கப்போவது தெரியும். நிறத்தைச் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒப்பிடுங்கள், இயன்றால் வேறொரு போனிலும். பிறகு ஒரு ஃபைலின் பண்புகளைத் திறந்து, இருப்பிடத் தகவல் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸின் டீடெயில்ஸ் பகுதியிலும், மேக்கில் பிரிவியூவின் இன்ஸ்பெக்டரிலும் அது தெரியும்.

11. ஏற்றுவது

தளத்தை வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடத்தினால் 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து வெப்பியை நேரடியாக ஏற்றலாம். 2024இல் வந்த 6.7 பதிப்பு எச்இஐசியையே ஏற்றுக்கொண்டு ஜேபெக்காக மாற்றுகிறது, சர்வரில் அதற்கான வசதி இருந்தால். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் தரம், அளவு எல்லாவற்றையும் வேர்ட்பிரஸே முடிவு செய்யும், சுங்குடி போன்ற படத்துக்கு அது போதாது. 2560 பிக்சலுக்கு மேல் போகும் படங்களை வேர்ட்பிரஸ் தானே சுருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிறு படங்களைத் தனியே தயாரிக்க வேண்டியதில்லை. 1600 அகலப் படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் பல அளவுகளில் நகல் எடுத்துக்கொண்டு, பார்ப்பவரின் திரைக்கு ஏற்றதைக் கொடுக்கும். நீங்களே எச்டிஎம்எல்லில் எழுதிய பக்கம் என்றால் 800 அகலத்தில் இன்னொன்று செய்து இரண்டையும் கொடுங்கள், கூடவே படத்தின் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிடுங்கள். அந்த எண்கள் இருந்தால் படம் வரும் முன்பே பிரவுசர் இடம் ஒதுக்கிவிடும், படித்துக்கொண்டிருக்கும் வரி துள்ளி நகராது.

படங்களை அமுக்கும் பிளக்இன் தளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நாம் கவனமாகத் தரம் பார்த்து மாற்றியதை அது இன்னொரு முறை அமுக்கும். புதிய படங்களை இதே முறையில் மாற்றியே ஏற்றப் போகிறீர்கள் என்றால் பிளக்இன்னில் அந்தப் பகுதியை நிறுத்திவிடலாம்.

பழைய கனமான படத்துக்குப் பதில் புதியதைப் போடும்போது அதே பெயரில் ஏற்றாதீர்கள். பார்ப்பவரின் பிரவுசரும் இடையில் நகல் வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சர்வரும் பழையதையே சேமித்து வைத்திருக்கும், மாற்றியும் மாறவில்லை என்று தோன்றும். பெயரின் கடைசியில் 02 என்று சேர்த்து ஏற்றி, பக்கத்தில் இணைப்பை மாற்றுங்கள். புதியது சரியாக வருவதைப் பார்த்த பிறகு பழைய ஃபைலை சர்வரிலிருந்து நீக்குங்கள். இருப்பிடத் தகவலோடு முன்பு ஏற்றிய படங்கள் இருந்தால் முதலில் நீக்க வேண்டியவை அவைதான்.